யாரும் சாகாத நாற்பத்து மூன்று பாகங்கள்

துப்பறியும் நாவல் எதுவானாலும் அதைப் பதினைந்தாம் பக்கத்துக்கு மேல் படிக்க வேண்டிய அவசியம் மனித குலத்துக்கு இல்லை. இதை நிறுவியவன் நான். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது பதினொரு நாவல்களைப் பதினைந்தாம் பக்கத்தில் மூடிவைத்தேன். ஒவ்வொன்றுக்கும் குற்றவாளி யார் என்று ஒரு தாளில் எழுதி, உறையிலிட்டு ஒட்டி, அறைத்தோழனிடம் கொடுத்தேன். அவன் கடைசி அத்தியாயங்களைப் படித்துச் சரிபார்த்தான். பதினொன்றில் பத்து சரி. பதினொன்றாவதில் ஆசிரியர் தவறு செய்திருந்தார்.

இந்த முறையை விளக்கி 'தூக்க மாத்திரைக்கு மாற்று' என்ற தலைப்பில் கல்லூரி இதழில் ஒரு கட்டுரை எழுதினேன். உதாரணத்துக்கு வெகுதூரம் போக வேண்டியிருக்கவில்லை. அக்காவின் அலமாரி இருந்தது. அதில் ஒரே உயரத்தில், ஒரே தடிமனில், நாற்பத்து மூன்று புத்தகங்கள். எல்லாம் ஒரே தொடர். துப்பறிகிறவர், ஒரு பெரிய ரயில் நிலையத்தில் தொலைந்த பொருள்களைத் திருப்பிக் கொடுக்கும் கவுன்டரில் உட்கார்ந்திருக்கும் நடுவயதுப் பெண். 'கவுன்டர் அம்மாள்' என்பதைத் தவிர அவருக்கு வேறு பெயர் இல்லை. முதல் அத்தியாயத்தில் யாராவது வந்து எதையாவது காணோம் என்பார்கள். குடை, கடிகாரம், கிளிக்கூண்டு. கவுன்டர் அம்மாள் செருப்பைக் கழற்றி, வீங்கிய இடது காலைப் பெட்டி ஒன்றின்மேல் தூக்கி வைத்துக்கொண்டு யோசிப்பார். கூடவே இருக்கும் போர்ட்டர் தவறாமல் தப்பான ஆளைச் சந்தேகப்படுவார். கடைசியில் பொருள் கிடைக்கும். எடுத்தவர் வெட்கப்படுவார். போலீஸ் எட்டிக்கூடப் பார்க்காது. நாற்பத்து மூன்று பாகங்களில் ஓர் உயிர் போனதில்லை. இருபத்தாறாம் பாகத்தில் ஒரு கோழிக்கு உடம்பு சரியில்லாமல் போகும். அதுவும் பிழைத்துக்கொள்ளும்.

"அரைத்த மாவையே அரைக்க ஒரு கல் போதும். அதையே நாற்பத்து மூன்று தடவை வாங்கித் தின்ன எப்பேர்ப்பட்ட நாக்கு வேண்டும்!" என்று முடித்திருந்தேன். கல்லூரியில் பேசப்பட்டது. நூலகர் என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார்.

அக்கா படித்துவிட்டு இதழைத் திருப்பித் தந்தபோது, கட்டுரையில் மூன்று இடங்களில் சின்னச் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. அவள் ஒரு சட்டைத் தொழிற்சாலையில் செக்கிங் மேசையில் வேலை பார்க்கிறவள். தையல் விட்ட இடம், காலர் கோணிய இடம், எங்கே பிசகோ அங்கே அம்பு ஒட்டுவது அவள் பிழைப்பு.

"என்னக்கா இது?"

"பத்தொம்பதாம் பாகத்துல நாய் இல்ல, பூனை. போர்ட்டருக்குக் கல்யாணம் ஆகலன்னு எழுதிருக்கே, அவருக்கு ரெண்டு பொண்ணு. கால் வலி அந்தம்மாவுக்கு இடது கால்ல. நீ வலதுன்னு போட்டிருக்கே."

"மத்ததெல்லாம்?"

"மத்ததெல்லாம் பாஸ்."

குளிக்கப் போய்விட்டாள். அன்றைக்கு அவளுக்கு ஓவர்டைம். என் எழுத்துக்கு இதுவரை கிடைத்த விமர்சனங்களில் ஆதாரத்தோடு வந்தது அது ஒன்றுதான்.

அக்காவுக்கு இடது கண் சின்ன வயதிலிருந்தே மந்தம். அதைப் பேச்சுத் துணைக்கு வைத்திருந்தாளே தவிர, வேலை முழுக்க வலது கண்தான் பார்த்தது. அந்த ஒற்றைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பதினான்கு வருஷம், மணிக்கு அறுபது சட்டை வீதம், பிசகு தேடினாள். 

இரண்டு மாதங்களுக்கு முன் ஒரு திங்கட்கிழமை, கோடு போட்ட சட்டைகள் மேசைக்கு வந்தன. முதல் சட்டையில் கோடு நெஞ்சுக்கு நேரே நெளிந்திருந்தது. அம்பு ஒட்டினாள். இரண்டாவதிலும் அதே இடத்தில் நெளிவு. பத்து மணித் தேநீருக்கு மணி அடிக்கும்போது நூற்றுப் பதினாறு சட்டைகளில் அம்பு. துணியே கோளாறு என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். தையல் வரிசை முழுக்க நின்றது. சூப்பர்வைசர் ஓடிவந்து ஒரு சட்டையை விரித்து, கோட்டின்மேல் இரும்பு ஸ்கேலை வைத்துப் பார்த்தார். 

"நேராத்தானேம்மா இருக்கு? எங்க வளைஞ்சிருக்கு?"

அக்கா குனிந்து பார்த்தாள். ஸ்கேலும் வளைந்திருந்தது.

அவள் நூற்றுப் பதினாறு அம்புகளையும் ஒவ்வொன்றாக உரித்தெடுத்துவிட்டு, அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

விழித்திரையின் நட்டநடுவில் ஒரு துளை என்றார் கண் டாக்டர். குண்டூசி முனை அளவுதான். ஆனால் இருக்கும் இடம் அப்படி. ஆபரேஷன் செய்து, கண்ணுக்குள் ஒரு வாயுக் குமிழியை விட்டார்கள். குமிழி எப்போதும் மேலே போகப் பார்க்கும். முகம் தரையைப் பார்த்திருந்தால் கண்ணின் பின்பக்கம் மேலே வரும், குமிழி அங்கே போய்த் துளையை அழுத்தும், துளை மூடும். 

"பத்து நாள்," என்றார் டாக்டர். டாக்டரம்மாவுக்குச் சிரிக்க நேரமில்லை, வெளியே நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். "மணிக்கு அம்பது நிமிஷம் குப்புற. பத்து நிமிஷம் சாப்பாடு, பாத்ரூம். தூங்கறதும் குப்புறத்தான். நிமிர்ந்தா குமிழி நகர்ந்துடும்."

"மூடலைன்னா?" என்றேன்.

"இன்னொரு ஆபரேஷன். அதுல எவ்வளவு பார்வை திரும்பும்னு என்னால வாக்கு குடுக்க முடியாது."

அக்கா ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "தையல் கண்ணுக்குத் தெரியுமா டாக்டர்?"

"முதல்ல போய்ப் படுங்கம்மா."

மாமா, அதாவது அக்கா வீட்டுக்காரர், தொலைதூர லாரி ஓட்டுகிறவர். ஆபரேஷனுக்கு வந்துவிட்டு, மறுநாள் விடியற்காலையில் லோடு ஏற்றிக்கொண்டு கிளம்பினார். கிளம்பும்போது என் தோளைப் பிடித்து, "மாப்ள, அவ ஒரு இடத்துல உக்காந்து நான் பாத்ததில்ல. பத்து நாள் படுக்க வெக்கறது உன் சாமர்த்தியம்," என்றார். எங்கள் அம்மாவும் அப்பாவும் ஒரே வருஷத்தில் அடுத்தடுத்துப் போனபோது எனக்குப் பன்னிரண்டு வயது. அன்றிலிருந்து அக்கா வீடுதான் என் வீடு. எனக்குப் பரீட்சைக்கு முந்திய விடுமுறை வேறு. ஆக, சாமர்த்தியம் என் தலையில் விழுந்தது.

கட்டிலின் ஓரத்தில் இரண்டு தலையணைகளை இடைவெளி விட்டு வைத்து, அந்த இடைவெளியில் அக்காவின் முகம். அவள் பார்வைக்கு நேர்கீழே ஒரு முக்காலி. அதன்மேல் தட்டு, ஸ்ட்ரா போட்ட டம்ளர். பக்கத்தில் அலாரம் கடிகாரம். அவளுக்குத் தெரிந்த உலகம் தரையில் நான்கு ஓடுகளும் என் கால்களும்தான்.

"நகம் வெட்டுடா," என்பதுதான் குப்புறப் படுத்தபின் அவள் சொன்ன முதல் வாக்கியம்.

முதல் நாள் பன்னிரண்டு தடவை தலையைத் தூக்கினாள். அடுப்பில் ஏதோ தீய்கிற வாசனை, வாசலில் யாரோ, குழாய் சரியாக மூடவில்லை. டிவியில் தொடர் போட்டுச் சத்தத்தை மட்டும் கேட்கச் சொன்னேன். கதவு திறக்கிற சத்தம் வந்தபோதெல்லாம் யார் வந்தது என்று பார்க்கத் தலை நிமிர்ந்தது. டிவியை அணைத்தேன். இரண்டாம் நாள் கழுத்து பிடித்துக்கொண்டது. முகம் உப்பிவிட்டது. அவள் புலம்பவில்லை. "எவ்ளோ நேரம் ஆச்சு?" என்று மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தாள். ஒரு தடவை, ஆறு நிமிஷம் என்றேன். அதற்கு அவள் விட்ட மூச்சில் தரையிலிருந்த பேப்பர் நகர்ந்தது.

அன்று மதியம் சொன்னாள்: "டேய், ஏழாம் பாகத்தை எடு."

"எதுக்கு?"

"படி. எனக்குத்தான் கண்ணு இல்ல. உனக்கு வாய்கூடவா இல்ல?"

"ஏன் ஏழுலேர்ந்து? ஒண்ணுலேர்ந்தே ஆரம்பிக்கலாமே, ஆயுசு கெடக்குது."

"முதல் ஆறுல அந்தம்மாவுக்கே வேலை இன்னும் பழகல."

தரையில் சுவரோரமாக உட்கார்ந்து படித்தேன். ஒரு பள்ளிக்கூட வாத்தியாரின் மூக்குக்கண்ணாடி ரயிலில் தொலைந்துபோகிறது. பதினான்காம் பக்கத்தில் புத்தகத்தை மடக்கினேன். 

"கூட வந்த மச்சான் எடுத்திருக்கான். வாத்தியார் கண்ணாடி போட்டா பத்திரத்தைப் படிச்சிருவாருன்னு பயம். சரியா? அடுத்த பாகம்?"

எட்டாம் பாகத்துக்குக் கையை நீட்டினேன்.

"சரியா தப்பா?"

"சரிதான். மேல படி."

"அதான் சரின்னுட்டியே."

"இதை நான் ஏழு தடவை படிச்சிருக்கேன்டா, மேதாவி. மச்சான்தான்னு எனக்குத் தெரியாதா?"

ஒரு ஆராய்ச்சியாளனுக்கு இதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. "தெரிஞ்சும் ஏன் படிக்கிறே?"

அவள் தரையிடம் பேசினாள். குரல் தூக்கக் கலக்கமாக இருந்தது. "எட்டு மணி நேரம் எதுல தப்பு எங்க இருக்குன்னு தேடிட்டு வீட்டுக்கு வரேன். வந்து திருப்பியும் தேடச் சொல்றியா? இதுல எங்க இருக்குன்னு தெரியும். பேசாம போய்க்கிட்டே இருக்கலாம். படி."

படித்தேன். ஐம்பது நிமிஷம் தலை அசையவில்லை. அலாரம் அடித்தபோது, "அதுக்குள்ளயா?" என்றாள்.

வழி கிடைத்துவிட்டது. ஆனால் வழி என் தொண்டை வழியாகப் போனது. ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். நாக்கு செருப்பாகிவிடும். கவுன்டர் அம்மாள் தேநீர் குடிப்பார், ஒன்றரைப் பக்கம். கால் வலிக்கும், முக்கால் பக்கம். மழை வரும், போகும். மூன்றாம் நாள் மாலை நான் நான்கு பக்கங்களைச் சேர்த்துப் புரட்டினேன்.

"நடுவுல தையல் விட்டிருக்கு," என்றாள் அக்கா.

"எங்க?"

"ஸ்டேஷன் மாஸ்டர் மனைவி ஜாம் பாட்டிலோட வருவாங்க. எங்க அவங்க?"

"கதைக்குச் சம்பந்தமே இல்லக்கா அந்த ஜாம்!"

"கூப்பிடு அவங்கள."

கூப்பிட்டேன். ஜாம் பாட்டிலோடு வந்து, மூடி திறக்கவில்லை என்று இரண்டு பக்கம் பேசிவிட்டுப் போனார்.

ஐந்தாம் நாள்தான் நான் அதைச் செய்தேன். காரணம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. மதியம் மூன்று மணி, காற்றில்லை, தொண்டை எரிந்தது, என் பாடப் புத்தகம் மூலையில் தூசியோடு என்னை முறைத்துக்கொண்டிருந்தது. ஒன்பதாம் பாகத்தில் சொந்தக்காரர் இல்லாத தகரப் பெட்டி ஒன்று கவுன்டருக்கு வருகிறது. பன்னிரண்டு அத்தியாயமாக அதைத் திறக்கலாமா வேண்டாமா என்றே யோசிக்கிறார்கள். கடைசியில் திறக்கிற இடம் வந்தது. குரலை மாற்றாமல், அதே இழுவையில் படித்தேன்: 

"'கவுன்டர் அம்மாள் மெதுவாக மூடியைத் தூக்கினார். உள்ளே போர்ட்டரின் பிணம் இருந்தது.'"

அக்கா எழுந்துவிட்டாள்.

தலையை மட்டும் தூக்குவாள், திட்டுவாள், சிரிப்போம் என்று நினைத்திருந்தேன். அவள் முழுசாக எழுந்து, கட்டிலில் சாய்ந்து, சுவரில் தலையை வைத்து முகம் நிமிர்ந்து உட்கார்ந்தாள். வலது கண்மேல் பிளாஸ்டிக் மூடி. இடது கண்ணால் என்னைப் பார்த்தாள். ஐந்து நாளாக நான் அவள் முகத்தையே சரியாகப் பார்க்கவில்லை. தலையணை பதிந்த வரிகள் கன்னம் முழுக்க. 

"படுக்கா. விளையாட்டுக்குச் சொன்னேன். படு. குமிழி நகரும்."

அவள் அசையவில்லை.

"அக்கா, ப்ளீஸ். சாரி. போர்ட்டர் உயிரோடதான் இருக்காரு. டீ வாங்கத்தான் போயிருப்பாரு."

"அந்த மனுஷன் உன்னை என்னடா பண்ணான்?" என்றாள். கோபமே இல்லை அதில். ஷிப்டு முடிந்து பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்காமல் நின்றுகொண்டே வந்தவளின் குரல். 

"சும்மா, ஒரு விறுவிறுப்புக்கு..."

"அம்மா ஆஸ்பத்திரியில கெடந்தப்ப பதினோராம் பாகம் படிச்சிட்டிருந்தேன். வெளி பெஞ்சுல. அப்பாவுக்கும் அதே பெஞ்சு, அதே பாகம். அதுல கிளிக்கூண்டு தொலையும். கெடைச்சிரும்னு எனக்குத் தெரியும். அதுக்காகத்தான் எடுத்துட்டுப் போனேன். ஒரு இடத்துலயாவது யாரும் சாக மாட்டாங்கன்னு..." நிறுத்திவிட்டாள். "முடியலடா எனக்கு. கழுத்து, முதுகு, மூஞ்சி எதுவும் என்னுது மாதிரி இல்ல. கொஞ்ச நேரம் மனுஷி மாதிரி உக்காந்துக்கறேன். போறது போகட்டும்."

கெஞ்சினேன். தண்ணீர் கொடுத்தேன். மாமாவுக்குப் போன் போட்டேன், லாரி எந்த மலைக்குள் இருந்ததோ, மணி அடிக்கவே இல்லை. அலாரம் கடிகாரத்தின் முள் நகர்வதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். எனக்கு வேடிக்கையாகச் சொல்ல ஒரு வார்த்தைகூட வரவில்லை. வந்திருந்தாலும் அதைக் கேட்க வீட்டில் ஆளில்லை.

கடைசியில் ஆஸ்பத்திரிக்கே போன் செய்தேன். நர்ஸ் எடுத்தார். 

"நிமிர்ந்து உக்காந்துட்டாங்களா? எவ்ளோ நேரமா?"

"ஒரு... பத்து நிமிஷம் இருக்கும்."

"முப்பத்தெட்டு," என்றாள் அக்கா சுவரில் சாய்ந்தபடியே.

"முப்பத்தெட்டுங்க," என்றேன்.

நர்ஸ் எதையோ எழுதிக்கொண்டார். பேனா ஓடுகிற சத்தம் கேட்டது. "இப்பவே குப்புறப் படுக்கச் சொல்லுங்க. என்ன ஆச்சுன்னு பத்தாம் நாள் பாத்தாத்தான் தெரியும்."

போனை வைத்தேன். அக்கா கேட்டாள், "பெட்டியத் தொறந்தா உள்ள என்ன இருக்கும்?"

"நான் இன்னும் பாக்கலக்கா."

"பாத்துப் படி. மூடியத் தூக்கற எடத்துலேர்ந்து." 

சொல்லிவிட்டு, ஒவ்வொரு மூட்டாக மடக்கி, மறுபடி முகத்தைத் தலையணைகளுக்கு நடுவே இறக்கினாள். நான் புத்தகத்தைத் தேடி எடுத்துப் படித்தேன். 

"'கவுன்டர் அம்மாள் மெதுவாக மூடியைத் தூக்கினார். உள்ளே நான்கு கம்பளிச் சட்டைகளும் ஒரு கத்தரிக்கோலும் இருந்தன.'" 

என் வாழ்நாளில் இவ்வளவு கவனமாக நான் எந்த வாக்கியத்தையும் படித்ததில்லை. 

அதன்பின் வந்த நாள்களில் அச்சிட்டவர் முகவரியிலிருந்து பின்னட்டை விளம்பரம்வரை ஒரு எழுத்து விடாமல் படித்தேன். ஜாம் பாட்டில் வந்தால் ஜாம் பாட்டில். மழை வந்தால் மழை. முப்பத்தெட்டு நிமிஷத்தைப் பற்றி இருவரும் பேசவில்லை. ஆனால் இப்போது அவள், "எவ்ளோ நேரம் ஆச்சு?" என்று கேட்பதை நிறுத்திவிட்டாள். நான்தான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏழாம் நாள் பட்டன் அக்கா வந்தார். அக்காவோடு வேலை பார்க்கிறவர், பட்டன் தைக்கிற மெஷினில். தொடரை இருவரும் ஆளுக்கொரு பாகமாக வாங்கி மாற்றிப் படிப்பார்கள்.

"என்னடி, தரையில புதையல் தேடுறியா?" என்று உள்ளே வந்தவர், செருப்பைக் கழற்றிவிட்டு அக்காவின் முகத்துக்கு நேராகத் தன் பாதங்களை வைத்துக் காட்டினார். "நான்தான். மருதாணி, மெட்டி எல்லாம் கேக்காதே, வெடிப்பு மட்டும்தான்."

அக்கா சிரித்தாள். கட்டில் ஆடியது. பட்டன் அக்கா என் பக்கம் திரும்பினார். 

"தம்பி, நீதானே எங்களையெல்லாம் நாக்கு செத்தவங்கன்னு எழுதினது?"

"பொதுவா எழுதினேங்க."

"பொதுவா அடிச்சாலும் முதுகு எங்களுதுதானேப்பா? சரி, படி. பாவம் செஞ்ச வாய், புண்ணியம் தேடட்டும்."

படித்தேன். மூன்றாம் பக்கத்தில் பட்டன் அக்கா நாற்காலியிலேயே குறட்டை விட்டார். காலை ஆறு மணி ஷிப்டு பார்த்துவிட்டு இரண்டு பஸ் மாறி வந்தவர். என் கட்டுரைக்கு இதைவிட நேரடியான சான்று கிடைக்காது. குரலைத் தாழ்த்திக்கொண்டு மேலே படித்தேன்.

விழித்ததும் தண்ணீர் குடித்துவிட்டு, வந்த விஷயத்தைச் சொன்னார். "உன் மேசையில ஒரு புதுப் பொண்ணைப் போட்டிருக்காங்க. நல்ல பொண்ணுதான், குறை சொல்லக் கூடாது. மணிக்கு எழுபது பாக்குது. மூணு வாரம் உன் இடத்தை வெச்சிருப்பேன்னு சூப்பர்வைசர் சொல்றாரு. அதுக்கு மேல அவரால முடியாதாம்."

"எழுபதா?" என்றாள் அக்கா. 

எட்டாம் நாள் பதினோராம் பாகம் வந்தது. தாண்டிப் போகலாமா என்று கேட்க நினைத்து, கேட்காமல் எடுத்தேன். கிளிக்கூண்டு கிடைக்கிறவரை இருவரும் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. கிடைத்ததும் அவள், "ம்," என்றாள். நான் பன்னிரண்டை எடுத்தேன்.

பத்தாம் நாள் காலை, தலையைக் குனிந்தபடியே ஆஸ்பத்திரிக்கு வந்தாள். நான் கையைப் பிடித்து, படி, பள்ளம், தண்ணி என்று சொல்லிக்கொண்டே போனேன். ஒரு கருவியின்முன் தாடையை வைத்துப் படம் எடுத்தார்கள். டாக்டரின் அறையில் அந்தப் படம் திரையில் விரிந்தது. அடுக்கு அடுக்காகச் சாம்பல் நிறக் கோடுகள். டாக்டர் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நான் சொல்லிவிட்டேன். 

"டாக்டர், அஞ்சாம் நாள் முப்பத்தெட்டு நிமிஷம் நிமிர்ந்து உக்காந்துட்டாங்க. அவங்க தப்பில்ல. நான்தான் காரணம்."

"நர்ஸ் எழுதி வெச்சிருக்காங்க," என்றார் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல். "என்ன பண்ணீங்க?"

"ஒருத்தரைக் கொன்னுட்டேன்."

டாக்டர் திரும்பிப் பார்த்தார்.

"கதையில டாக்டர்," என்றாள் அக்கா. "நீங்க அவனை விடுங்க. மூடிச்சா?"

டாக்டர் பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பழையதில் நடுவே கோடுகள் அறுந்து ஒரு பள்ளம். புதியதில் அதே இடத்தில் கோடுகள் ஒன்றையொன்று தொட்டிருந்தன. லேசான குழிவுதான். 

"மூடிடுச்சு."

பக்கத்தில் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

"தையல்?" என்றாள் அக்கா.

"குமிழி கரையவே இன்னும் சில வாரம் ஆகும். அதுக்கப்புறம் பார்வை கொஞ்சம் கொஞ்சமா வரும். மூணு மாசம், ஆறு மாசம். படிக்கிற அளவுக்கு வரும்னு நம்பறேன். கோடு நேராகலாம். லேசா நெளிஞ்சேகூட நின்னுடலாம். அதை இன்னிக்குச் சொல்ல முடியாதும்மா." சீட்டில் எழுதிக்கொண்டே சொன்னார், "இனி குப்புறப் படுக்க வேண்டாம். மல்லாந்து மட்டும் படுக்காதீங்க. ஒருக்களிச்சுத் தூங்குங்க."

வெளியே வந்ததும் அக்கா நிமிர்ந்தாள். பத்து நாளாகக் கால்களை மட்டுமே பார்த்தவள், படிக்கட்டில் நின்று போகிற வருகிறவர்களை இடது கண்ணால் பார்த்தாள். 

"எல்லாரும் எவ்ளோ உயரமா இருக்காங்கடா," என்றாள்.

பஸ்ஸில் ஏறியதும் போனை வாங்கிச் சூப்பர்வைசரிடம் அவளே பேசினாள். "மூடிடுச்சு சார். ஆமா, சந்தோஷம். இல்ல சார், மேசையை அந்தப் பொண்ணுக்கே குடுத்துடுங்க. இழுத்துப் பிடிச்சு வெக்க வேணாம். எனக்கு மடிக்கிற பக்கம் ஒரு இடம் குடுங்க. மடிக்கக் கையே போதும். கண்ணு நேரானா அப்ப வந்து கேக்கறேன்." கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். "அதுகிட்ட ஒண்ணு மட்டும் சொல்லுங்க. எழுபது வேணாம், அறுபது போதும்னு. கண்ணு அதுக்கும் ரெண்டுதான்."

போனைத் திருப்பித் தந்துவிட்டு ஜன்னலோரம் சாய்ந்துகொண்டாள். பதினான்கு வருஷத்தை ஒரு நிறுத்தத்துக்குள் பேசி முடித்துவிட்டாள். நான் ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. எனக்கு வருவதெல்லாம் ஒரே மாதிரிப் பேச்சு. அதனால் டிக்கெட் எடுத்தேன்.

வீட்டுக்கு வந்து ரொட்டியும் தேநீரும் கொடுத்தேன். ஸ்ட்ரா இல்லாமல் குடித்தாள். குடித்து முடிக்குமுன்பே கண் சொக்கியது. ஒருக்களித்துப் படுத்தவள், கூரையையும் பார்க்காமல் தரையையும் பார்க்காமல், சுவரைப் பார்த்தபடி தூங்கிப்போனாள். மணி ஒன்றரை. கழுத்தில் தலையணையைச் சரிசெய்தபோதுகூட விழிக்கவில்லை.

நான் அறையை ஒழுங்குசெய்தேன். முக்காலியைச் சமையலறைக்கு எடுத்துப் போனேன். ஸ்ட்ராக் கட்டைத் தூக்கிப் போட்டேன். மாமாவுக்குச் செய்தி அனுப்பினேன். கடிகாரத்தின் அலாரத்தை நிறுத்தினேன். ஆறு நாளில் பரீட்சை. பாடப் புத்தகத்தைத் தூசி தட்டி மேசையில் வைத்தேன்.

சுவரோரமாகத் தரையில் பன்னிரண்டாம் பாகம் கவிழ்ந்து கிடந்தது, நேற்று நிறுத்திய பக்கத்தில். அலமாரியில் வைத்துவிடலாம் என்று எடுத்தேன். ஒரு தையற்காரரின் அளவுநாடா காணாமல் போயிருந்தது. போர்ட்டர் வழக்கம்போல் தப்பான ஆளைப் பின்தொடர்ந்து அடுத்த ஊர்வரை போய்விட்டார். கடைசி ரயிலும் போய்விட்டது, கையில் குடையில்லை. கவுன்டர் அம்மாள் காலைப் பெட்டிமேல் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

தரையில் உட்கார்ந்தேன். நாடாவை எடுத்தது யார் என்பது பதினான்காம் பக்கத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அக்கா விழித்துவிடாதபடி மெதுவாக, நூற்று முப்பத்தொன்றாம் பக்கத்தைத் திருப்பினேன்.